கரண்ட் போனாலும் பேசும் போன்

இணைப்பை மாற்றுவது பெரிய தலைவலி என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை, சார். பழைய கம்பெனிக்கு ஒரு கடிதம், புதிய கம்பெனிக்கு ஆதார் நகலும் ஒரு கையெழுத்தும், அவ்வளவுதான். ஆள் வந்து கம்பத்திலிருந்து ஃபைபர் இழுத்து, சுவரில் மோடத்தை மாட்டிவிட்டுப் போக ஒரு மணி நேரம் ஆகும். நம்பர் மாறும், அது ஒன்றுதான் தொல்லை. சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட்டால் அதுவும் தீர்ந்தது. பதினோரு வருடமாகக் குமுளியில் இந்த வேலையில் இருக்கிறேன். உங்கள் ஸ்டேஷனுக்குப் போன வருடம் வேகமான லைன் போட்டுக் கொடுத்ததும் எங்கள் ஆபீஸ்தான். குறை ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன்.

நான் தமிழிலேயே சொல்கிறேன், நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போலீசிடம் சொல்லி எழுதிக் கொடுப்பதை இங்கே மொழி கொடுப்பது என்பார்கள். மலையாளம் எனக்கு நன்றாகவே வரும். ஆனாலும் இதைத் தமிழில் சொன்னால்தான் எனக்குச் சரியாக வரும்.

முதலில் ஒரு விஷயம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆசீர்வாதம் அண்ணனை அனுப்பிவிடுங்கள். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரைக்காரர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். என் அப்பா வீட்டில் ஃபைபர் போட்டது அவர்தான். பேட்டரி வைக்காமல் விட்டுவிட்டார், அதனால்தான் பெரியவர் யாரையும் கூப்பிட முடியாமல் கிடந்தார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவர் வைத்தார், சார். நான்தான் எடுத்தேன்.

என் பெயர் ராமலட்சுமி. வயது நாற்பத்தைந்து. அப்பா ராக்கப்பனுக்கு எண்பத்தொன்று நடந்தது. ஆனைக்கரையில் நாலு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவில் வீடு. தனியாகத்தான் இருந்தார். சமையலுக்கும் துணைக்கும் அஞ்சு என்ற பெண் காலையில் வந்து சாயங்காலம் போவாள். ஊரில் அப்பாவை நல்ல மனிதர் என்பார்கள். நானும் வெளியில் குறை சொன்னதில்லை. ஞாயிறுதோறும் மீன் வாங்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்துப் போடுவேன். கால் நகம் வெட்டிவிடுவேன். வேண்டுமானால் அஞ்சுவைக் கேளுங்கள்.

அப்பாவிடம் இருந்தது பழைய செம்புக் கம்பி டெலிபோன். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியாது. அந்தப் போனுக்கு வீட்டுக் கரண்ட் வேண்டாம். அதற்கு வேண்டியது எக்ஸ்சேஞ்சிலிருந்து அதே கம்பியில் வந்துவிடும். மலை முழுக்க இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் சத்தம் கேட்கும், நம்பரை அழுத்தலாம், ஆளைக் கூப்பிடலாம். ஃபைபரில் வருவது வெறும் வெளிச்சம். அதைப் பேச்சாக மாற்ற மோடம் வேண்டும், மோடத்துக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். கரண்ட் போன நிமிடமே போனும் போய்விடும். எவ்வளவு வேகம், எத்தனை சினிமா சேனல் என்று கேட்கிறவர்கள் இதை மட்டும் கேட்பதே இல்லை. அவர்கள் கேட்காததை நாங்களும் சொல்வதில்லை. விண்ணப்பத்தின் மூன்றாவது பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும்.

அப்பா மட்டும் கேட்டார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"இருக்கறது நல்லாத்தான இருக்கு. எதுக்குத்தா மாத்தணும்?" என்றார்.

"இன்னும் எத்தன நாளைக்குப்பா அந்தக் கம்பியக் கட்டிக்கிட்டு அழுகுறது? ஃபைபர் போட்டா டிவியிலேயே பேத்தி மொகத்தப் பெருசாப் பாத்துப் பேசலாம்."

"கரண்டு போனா பேசுமா?"

"பேசும்பா."

"நீ அந்த வேலையிலேயே இருக்கவ. ஒனக்குத் தெரியாததா," என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கண்ணில் புரை, கை நடுக்கம். எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அதனால்தான் மொபைலும் அவருக்குச் சரிப்படவில்லை. நான் வாங்கிக் கொடுத்ததை இரண்டே வாரத்தில் அஞ்சுவுக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு ஆகி வந்தது பெரிய பொத்தான் வைத்த மேசைப் போன் ஒன்றுதான். அதை அப்படியே கழற்றி மோடத்தில் செருகினோம். பார்ப்பதற்கு எதுவும் மாறவில்லை.

இது பிப்ரவரியில். ஆசீர்வாதம் அண்ணன் வேலையை முடித்துவிட்டு, "ஏம்மா, வயசான மனுசன் ஒத்தையில இருக்காரு. ஒரு பேட்டரி டப்பா வச்சிருவோம். கரண்டு போனா ஏழெட்டு மணி நேரம் ஓடும்" என்றார். அவர் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? மறுநாளே வாங்கிக் கொடுத்தேன். அவர் மாட்டினார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அப்பாவை எனக்குப் பேசச் சொல்லி, கேட்கிறதா கேட்கிறதா என்று இரண்டு தடவை சோதித்தார். அப்படிப்பட்ட வேலைக்காரர் அவர்.

ஜூலை மாதம், மழை வலுப்பதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்த டப்பாவைக் கழற்றினேன். மோடத்தை நேராகச் சுவர் பிளக்கில் செருகினேன். அப்பா பக்கத்து அறையில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பாவைப் பையில் போட்டுக் குமுளிக்கு எடுத்துவந்து எங்கள் வீட்டு மோடத்தில் மாட்டினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல டப்பா. அதன் பிறகு எத்தனை தடவை கரண்ட் போனாலும் எங்கள் வீட்டில் நெட் நின்றதில்லை.

ஏன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

தொண்ணூற்றாறில் எங்கள் சரிவில் போன் இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். விரல் விட்டுச் சுற்றுகிற கறுப்புப் போன். அப்பா அப்போது வேறு ஆள். வாய் பேசுவதற்கு முன் கை பேசும். ஒருநாள் அம்மா மலைக்குக் கீழே கம்பம் ஊரிலிருந்த தன் அண்ணனுக்குப் போன் செய்து அழுதாள். மாமா வந்து வாசலில் நின்றபடி அப்பாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தால், போனில் நம்பர் சுற்றுகிற முதல் துளையில் ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு. அந்தக் காலத்தில் பல வீடுகளில் அப்படிப் பூட்டி வைப்பார்கள். வருகிற போனைப் பேசலாம், இங்கிருந்து யாரையும் கூப்பிட முடியாது. சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில் இருந்தது. அம்மாவின் பெயர் சாந்தம்மாள். பெயருக்கு ஏற்ற மாதிரி அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வருடம் ஆடியில் அப்பா ஏலக்காய் ஏலத்துக்காகப் போடிக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு ஐந்து மாதம். மதியத்துக்கு மேல் உதிரம் போக ஆரம்பித்தது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கம்பத்துக்காரர்கள். மழைக்குப் பயந்து அன்று சீக்கிரமே ஜீப்பில் மலை இறங்கிவிட்டார்கள். வீட்டில் நானும் அம்மாவும்தான். எனக்குப் பதினாறு வயது. அம்மிக் குழவியை எடுத்துப் பூட்டை உடைக்கப் போனேன். "போனு ஒடஞ்சிரும்டி, அப்பறம் ஒங்கப்பா கூப்புட்டாலும் பேச முடியாது" என்று அம்மாதான் தடுத்தாள்.

ஐந்து மணி வாக்கில் போன் அடித்தது. அப்பாதான். அவர் முதலில் கேட்டது அடுப்பைப் பற்றி. பறித்த ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே இரவும் பகலும் ஒரே சூட்டில் விறகு எரிய வேண்டும். சூடு விட்டுப்போனால் காயின் பச்சை போய்விடும், பச்சை போனால் விலை போய்விடும். "ஸ்டோர் அடுப்பு எரியுதா?" என்றார். எரிகிறது என்று சொல்லிவிட்டு அம்மாவின் நிலையைச் சொன்னேன். பிறகு, "கந்தப்பன் ஜீப்புக்கு நான் சொல்லிர்றேன். நீ அம்மாவையும் பாத்துக்க, அடுப்பையும் பாத்துக்க. அணைய விட்ட, வந்து தோல உரிச்சுருவேன்" என்று வைத்துவிட்டார்.

ஜீப் வரவில்லை. அம்மா என் மடியில் தலை வைத்துக்கொண்டு, ஜீப்பு வந்துருச்சா, ஜீப்பு வந்துருச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதினொரு தடவை கேட்டாள். ஒன்பது மணிக்குள் போய்விட்டாள். எப்படிப் போனாள் என்று விவரிக்க நான் இங்கே வரவில்லை. பெற்றவளை அப்படிப் பார்க்கக் கூடாது, நான் பார்த்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அப்பா வந்தார். மாமா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, ஜீப்புக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மறந்துட்டேன் மச்சான்" என்றார். மாமா அத்தனை பேர் முன்னால் அவரைச் செருப்பால் அடித்தார். அப்பா வாங்கிக்கொண்டார்.

மறந்துட்டேன். அடுப்பை மறக்கவில்லை. காயின் பச்சையை மறக்கவில்லை. கட்டினவளை மறந்துவிட்டார். இருபத்தொன்பது வருடமாக அந்த ஒரு வார்த்தை என் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது, சார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அந்த வாரமே அவர் பூட்டைக் கழற்றி ஓடையில் எறிந்தார். அதற்குப் பிறகு யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. என்னைப் படிக்கவைத்தார், பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் நல்ல இடம் பார்த்துக் கட்டிக்கொடுத்தார். இதையெல்லாம் அவருக்குச் சாதகமாகச் சொல்வார்கள். பாவம் செய்தவன்தான் பயந்து நடப்பான். ஜீப்காரர் கந்தப்பன் மறு வருடமே கம்பத்துக்குக் குடிபோய், அங்கேயே இறந்தும் போனார். அன்று என்ன நடந்தது என்று அவரிடம் நான் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது?

இவ்வளவு வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் என்று உங்களுக்குத் தோன்றும். அதற்கு ஆசீர்வாதம் அண்ணன் ஒருவகையில் காரணம், ஆனால் அது அவருக்குத் தெரியாது. ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள் ஆபீசில் டீ குடிக்கும்போது பழைய கதை பேசிக்கொண்டிருந்தார். அவர் முன்பு செம்புக் கம்பி லைன்மேன். "அந்தக் காலத்துல போனுக்குப் பூட்டுப் போடுவாங்ய. எங்களுக்கு அதெல்லாம் ஒரு பூட்டா? ரிசீவர் வைக்கிற கட்டை இருக்குல்ல, அத மூணு தடவ தட்டுனா மூணு, அஞ்சு தடவ தட்டுனா அஞ்சு. நம்பரு பாட்டுக்குப் போகும். டயலே வேண்டாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதை இன்னொரு தடவை செய்துகாட்டச் சொன்னேன். மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். டக், டக், டக், ஒரு இடைவெளி, மறுபடியும் டக், டக்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் கந்தப்பன் ஜீப்பைக் கூப்பிடுகிற போன் நம்பரைத் தட்டிப் பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நம்பர் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். பூட்டுப் போட்ட போன் என் கைக்கெட்டுகிற தூரத்தில் மதியத்திலிருந்து ராத்திரி வரை சும்மா இருந்திருக்கிறது. தட்டினால் போதும் என்று அந்த வயதில் எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பூட்டினவர்தான் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் விரல் தானாகத் தட்டும். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நின்று நின்று தெய்வத்துக்கே கால் வலித்திருக்கும். அதனால் நான் அந்த வேலையை எடுத்துக்கொண்டேன்.

சரி, போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் நேரம் கேட்பீர்கள். ஆபீசில் எங்கள் திரையில் ஒவ்வொரு வீடும் ஒரு பச்சைப் புள்ளி. கரண்ட் போனால் மோடம் அணைவதற்கு முன், என்னிடம் கரண்ட் இல்லை என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும். எங்கள் தொழிலில் அதற்குக் கடைசி மூச்சு என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நானில்லை. மூன்றே முக்காலுக்குக் காற்று வீச ஆரம்பித்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஆனைக்கரைப் பக்கம் மொத்தமும் சிவந்தது. அப்பா வீட்டிலிருந்தும் அந்தச் செய்தி வந்தது. நான் வேலையை முடித்துவிட்டு ஐந்தரைக்கு வீட்டுக்குப் போனேன்.

அஞ்சு அன்று இல்லை. ஆடித் திருவிழாவுக்கு இரண்டு நாள் லீவு கேட்டாள், நான் நாலு நாள் கொடுத்திருந்தேன். அவள் இல்லாத நாளில் நான் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், "மாமனாரு ஊட்டுக்கு ஒரு போன் போட்டுப் பாத்தியா புள்ள? அந்தப் பக்கம் பயங்கரக் காத்தாமா" என்றார். அவர் பெருமாட்டிக்காரர், பேச்சில் இன்னும் கொங்கு வாடை போகவில்லை.

"பேசினேன். நல்லா இருக்காரு," என்றேன்.

உள்ளறையில் மகள் ஆன்லைன் வகுப்பில் இருந்தாள். தெருவே இருட்டு, அவள் வகுப்பு ஒரு தடவைகூட அறுபடவில்லை. அன்று நான் நன்றாகத் தூங்கினேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இதுவரை சொன்னதை வைத்து நீங்கள் ஓரளவு ஊகித்திருப்பீர்கள். மழை, கரண்ட் இல்லை, மகள் பேட்டரியை எடுத்துவிட்டாள், கிழவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆள் துணையின்றிக் கிடந்து இறந்தார். அப்படி எழுதினால் எனக்குச் சில வருடம் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் அது முழுதாக நடந்ததல்ல. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அங்கே போனேன்.

வழியில் இரண்டு இடத்தில் மரம் விழுந்து கிடந்தது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனேன். என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தேன். அப்பா போன் மேசைக்குக் கீழே கிடந்தார். ரிசீவர் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் இருட்டும் நேரத்தில் விளக்கு ஏற்றப் போய் விழுந்திருக்கிறார். அங்கிருந்து போன் வரைக்கும் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"வந்துட்டியாத்தா," என்றார். "போனு செத்துப்போச்சு."

"கரண்ட் இல்லப்பா."

"கரண்டு இல்லாட்டியும் பேசும்னியே."

"பேட்டரி தீந்திருக்கும்ப்பா."

தலையணை எடுத்து வைத்தேன். வேட்டியை மாற்றினேன். தண்ணீர் கொடுத்தேன், சர்க்கரை போட்டுக் கருப்புக் காப்பியும் கொடுத்தேன். ஈவிரக்கம் இல்லாதவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஜீப்புக்குச் சொல்லச் சொன்னார். மொபைலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சிக்னல் இருந்தது. மகள், சாப்பிட்டியாம்மா என்று கேட்டிருந்தாள். சாப்பிட்டேன் என்று பதில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

"சொல்லிட்டேன்பா. ஜீப்பு வருது."

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அரை மணிக்கு ஒரு தடவை கேட்டார். மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். பாதி வழி வந்தாயிற்று என்றேன். அவர் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எனக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், சந்தோஷம்தான். இருபத்தொன்பது வருடம் பசித்தவளுக்குச் சோறு கிடைத்தால் எப்படி இருக்கும்? அம்மா கேட்டதில் பாதியாவது இவர் கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஒன்பது தடவை கேட்டார்.

மூன்று மணி இருக்கும். மூச்சு மேலும் கீழும் வாங்க ஆரம்பித்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூப்புட்டப்ப போன எடுத்துப் பேசுனாங்யளா?" என்றார்.

"எடுத்தாங்கப்பா."

"அப்ப வந்துருவாங்ய. எடுக்கலேன்னாத்தான் கஷ்டம்." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "அன்னைக்கு நீ எடுக்கலத்தா. கந்தப்பன் கட்டப்பனைக்கு ட்ரிப்பு போயிருந்தான். ஆறு மணிக்கு வந்துருவான், அம்மாவத் தயாரா வையின்னு சொல்லத்தான் மறுபடி அடிச்சேன். ரொம்ப நேரம் அடிச்சேன். யாரும் எடுக்கல. சரி, வேற வண்டி கெடச்சு ஆசுபத்திரிக்குப் போயிட்டீங்க போலன்னு நெனச்சு, வேண்டாம்ப்பான்னு அவன்ட்டச் சொல்லிட்டேன்."

அவர் தலைக்குக் கீழே தலையணையைச் சரிசெய்தேன்.

"ஒம் மேல பழி வந்துரக் கூடாதுல்ல. பதினாறு வயசுப் புள்ள. அதான் மறந்துட்டேன்னு சொன்னேன். கந்தப்பன்ட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டேன். நீ எதையும் மனசுல வச்சுக்காத தாயி." பிறகு, "ஜீப்பு சத்தம் கேக்குதா பாரு," என்றார். நான் எழுந்து ஜன்னல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, கேட்கிறது என்றேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. நாலு மணிக்கு முன்பே முடிந்துவிட்டது. நாலு இருபதுக்கு நான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அந்த அழைப்பு உங்கள் பதிவில் இருக்கும்.

மத்தியானத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். பிழைத்திருப்பார். அதனால்தான் கொண்டுவரவில்லை. அப்பாவைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

அவர் கடைசியாகப் பேசியதை மட்டும் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாகிற நேரத்தில் வயசானவர்களுக்குப் புத்தி தடுமாறும், நடக்காததை நடந்ததாகச் சொல்வார்கள். அவர் மறந்துதான் போனார். அதை அவரே ஊர் அறியச் சொன்னார், அதற்காகச் செருப்படியும் வாங்கினார். அன்று போன் ஒரே ஒரு தடவைதான் அடித்தது. அப்படியே எழுதுங்கள், சார். இரண்டாவது தடவை அடித்தபோது ஸ்டோர் அடுப்பு அணைந்து போயிருந்தது. அதைத்தான் கேட்பார் என்று எனக்குத் தெரியும்.